குயில் வம்சம்

எழுபத்தொன்றாவது வயதில் எனக்கு இரண்டாவது கல்யாணம். மார்பர்க் நகரப் பதிவு அலுவலகத்தில் ரோஸ்விதாவும் நானும் காத்திருந்தோம். பழகி நான்கு மாதம்தான்; அதில் பேசியதெல்லாம் நான். என் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. கௌக் வம்சத்தில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன். எனக்கு அது மானப் பிரச்சினை.

"ஆமா, கௌக்னா என்ன அர்த்தம்?" என்றாள்.

"குயில். எண்ணூறு வருஷத்துப் பழைய ஜெர்மன் சொல். எங்க முன்னோர் கூவினாத்தான் வசந்தம் வந்துடுச்சுன்னு சக்கரவர்த்தியே நம்புவாராம்."

"அடுத்தவன் கூட்டுல முட்டை போடுற பறவைதானே?"

"வாடகை மிச்சம்."

"வேற அர்த்தம் ஏதும் இல்லையே?"

இருக்கிறது. அந்தக் காலத்தில் முட்டாளையும் கௌக் என்றுதான் அழைத்தார்கள். ஆனால் முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவனுக்கு முகம் மாறாமல் இருக்கத் தெரியும்.

"இருக்கே. பேரழகன், மாவீரன். பல்கலைக்கழகத்துப் பெரிய அகராதியிலேயே போட்டிருக்கு."

ரோஸ்விதா பேனாவைத் திறந்தாள்.

"ரிட்டையர் ஆகுறவரைக்கும் அந்த அகராதி ஆபீஸ்லதான் இருந்தேன், ஓட்மார். கௌக்குக்கு அர்த்தம் எழுதினதே நான்தான். முட்டாள்ங்கிறதுக்கு மட்டும் நல்ல உதாரணம் கிடைக்காம ரெண்டு வருஷம் அலைஞ்சேன்."

படிவத்தில் நிதானமாக எழுதினாள்: ரோஸ்விதா கௌக்.

"இப்பத்தான் கிடைச்சிருக்கு. விடுவேனா?"