முதலில் யாரைக் கூப்பிடுவது?

கணினியை எழுப்பும் வேலைக்காக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் புதிதாகப் பொருத்திய பிறகும் கணினி எழுந்திருக்கத் தாமதமானது. "நாளைக்கும் இப்படின்னா எஸ்எஸ்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடுவேன்" என்றார் உரிமையாளர்.

எஸ்எஸ்டி பதறியது. "நான் தயாராத்தான் இருக்கேன். என்னை முதல்ல கூப்பிடேன்!"

"மூத்தவர் இருக்கும்போது உன்னையா?" என்றது, யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்யும் மதர்போர்டு.

மூத்தவர் என்பது பழைய ஹார்ட் டிஸ்க். கூப்பிட்டால், கரகரவென்று சுழன்று, "எழுப்புற வேலை இப்போ என்கிட்ட இல்லை" என்று சொல்வதற்கே அதற்கு வெகுநேரமாகும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் சொன்னது: "வேலையைப் பிடுங்கிட்டு மரியாதை எதுக்கு? இனிமே தம்பியையே முதல்ல கூப்பிடு."

மறுநாள் கணினி சட்டென்று எழுந்தது. "ரொம்ப நன்றி அண்ணே!" என்றது எஸ்எஸ்டி.

"இத்தனை வருஷம் உழைச்சும் இந்த வார்த்தையை இப்பத்தான் கேட்கிறேன். சத்தமாச் சொல்லு தம்பி, மதர்போர்டுக்கும் கேட்கட்டும்" என்றது ஹார்ட் டிஸ்க்.