இரண்டு பட்டியல், ஒரே பிள்ளை

"சார், பள்ளிக்கூட சாஃப்ட்வேர்ல ஒரு தப்பு. அம்மா தன் பட்டியல்ல பிள்ளையோட உயரத்தை மாத்தினா, அப்பா பட்டியல்லயும் தானா மாறிடுது" என்றாள் புதிதாகச் சேர்ந்த புரோகிராமர்.

"ரெண்டு பட்டியலும் காட்டுறது ஒரே பிள்ளையைத்தானேம்மா? மாறத்தான் செய்யும்" என்றார் அந்த சாஃப்ட்வேரை எழுதியவர்.

"ஆளுக்கொரு காப்பி போட்டுக் கொடுத்துடலாமே?"

"அதை மட்டும் தொட்டுடாதே!"

அவர் போட்ட சத்தத்தில் அவள் மிரண்டுபோனாள்.

வீடு திரும்பியவர் பென்சிலோடு கதவோரம் குனிந்தார். "அடிக் கள்ளி, மூணு மாசத்துல ரெண்டு சென்டிமீட்டரா!" என்று சிரித்தபடி நிலைச்சட்டத்தில் புதுக்கோடு போட்டார்.

கோட்டுக்குக் கீழே யாரும் நிற்கவில்லை. மகள் அம்மாவோடு போய் நான்கு வருடமாகிறது. அங்கே அவள் அம்மா பட்டியலில் மாற்றிய உயரத்தைப் போனில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, கோட்டை மெல்லத் தடவிக்கொடுத்தார்.