வியாழக்கிழமைக்குள் ஒரு முழங்கால்

“நல்ல காலை முன்னால வைங்கண்ணே. இந்த மூட்டுக்குள்ளே எண்ணெய் இருக்கு. எடையை மெதுவா இறக்கினா எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா வழிவிடும், முழங்கால் தானா மடங்கும்” என்றார் செயற்கைக்கால் செய்பவர்.

தச்சர் நான்காம் முறையும் தொப்பென்று விழுந்தார். “நான் செஞ்ச முக்காலியே தேவலாம்பா!”

“மண்டி போட எதுக்கு இந்த அவசரம்? உட்கார்ந்து ஜெபம் பண்ணினா ஆண்டவர் வேணாம்னா சொல்லப்போறார்?”

“ஜெபத்துக்கு இல்லப்பா. பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவுறது எங்க சபையில இந்த வருஷம் என் முறை. ஆண்டவர் சீஷர்களுக்குச் செஞ்சதை நினைச்சுச் செய்யணும். நின்னுக்கிட்டா கழுவுறது?”

ஐந்தாம் முறை முழங்கால் மெல்ல மடங்கித் தரையைத் தொட்டது. இருவரும் சிறுபிள்ளைகள் போல் கூவினார்கள்.

“முதல்ல யாரு பாதத்தைக் கழுவப் போறீங்கண்ணே?”

தச்சர் மண்டியிட்டபடியே செயற்கைக்கால் செய்பவரின் வலது பாதத்தைப் பற்றினார். “இதைத்தான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, என் கால் போன அன்னிக்கு, லாரியில பிரேக்கை மிதிக்கத் தவறின காலை. லாரியை விட்டுட்டு இந்தத் தொழிலை நீ யாருக்காகக் கத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் பதறிக் காலை இழுத்தார்.

“இழுக்காதேப்பா! அதைப் பிடிச்சுத்தான் நான் எழுந்திரிக்கணும்.”