சிவப்பு மூடி டப்பா

குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் அந்தச் சொட்டு மருந்து ஜெய்லானியின் மலத்திலிருந்து பிறந்தது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது இதே ஆஸ்பத்திரியில்தான் அவனுடைய பீத்துணியை வழித்து, சிவப்பு மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார்கள். வயிற்றுப்போக்குக் கிருமி குடலுக்குள் இருந்தும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் டாக்டர்களுக்கு அதிசயம். அந்தச் சாதுவான கிருமியை வளர்த்து மருந்தாக்கி, ஏழை நாடுகளுக்கு விடிவு வந்துவிட்டது என்று மேடை போட்டுப் பேசினார்கள். அவன் உம்மா மௌத்தாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

இன்று அவன் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மருந்துக்காக வந்து நிற்கிறான்.

"ஸ்டாக் இல்லண்ணே," என்றாள் நர்ஸ். "கவர்மென்ட் கேக்குற விலைக்குக் கம்பெனிக்காரன் தரமாட்டேங்கிறான். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுது."

"அது என்னோடதும்மா."

"தெரியும்ண்ணே. ஊருக்கே தெரியும்." அவள் குழந்தையைப் பார்த்தாள். "பாப்பாவுக்கு வயித்தால போகுதா?"

"இல்ல. எங்க தெருவுல எல்லாப் புள்ளைக்கும் போகுது. இவ மட்டும் நல்லா இருக்கா."

நர்ஸ் குழந்தையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். அவள் உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு டப்பாவுடன் திரும்பி வந்தாள். மூடி இன்னும் சிவப்புதான்.

"நாளைக்குக் காலையில பாப்பா வெளிக்குப் போனதும் இதுல கொஞ்சம் எடுத்துட்டு வாங்கண்ணே."

ஜெய்லானி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு எவ்வளவும்மா?"

"இது ஃப்ரீதாண்ணே."