விரல் பார்த்துக் கேட்ட மெட்டு

நான் கையை உயர்த்தியதும் ஏழாம் வகுப்பு மொத்தமும் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. மடியில் கைப்பை, முகத்தில் ஒன்றுமில்லை.

அவர் சங்கீதம் கேட்க வரவில்லை. எனக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

போன வாரம் ஒரு மாணவனின் அப்பா என்னிடம் வந்து, பையன் மற்ற எல்லாப் பாடத்திலும் ஃபெயில் என்று வருத்தப்பட்டிருக்கிறார். நான் முகமெல்லாம் பல்லாக, ரொம்ப சந்தோஷம், வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுங்கள் என்றிருக்கிறேன்.

என் இடது காது எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது. வலது காது நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மனைவி பேசுவது கேட்காத மாதிரி காலமெல்லாம் நடித்தவன் நான். இப்போது கேட்கிற மாதிரி நடிக்கிறேன். இதுதான் கஷ்டமாக இருக்கிறது.

விஷயம் வெளியே வந்தால் என் சங்கீத வகுப்பு நேரம் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். அவர் ரொம்ப நாளாக அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறார். எனக்கோ இதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது.

ஆனால் கண் இருக்கிறதே. இசைத்தாளின் ஐந்து கோடுகளில் ஏறி உட்கார்ந்திருக்கும் புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் காகிதமே பாடும். எந்த விரல் எந்தக் கட்டையில் இறங்குகிறது என்று பார்த்தே தப்பைப் பிடித்துவிடுவேன்.

பிள்ளைகளும் தங்கம். என்னிடம் பேசும்போது நேராக முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். நான் பழக்கிய ஒழுக்கம் என்று ஆசிரியர் அறையில் கொஞ்சம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

இன்றைய மெட்டு, முன்வரிசையில் இருக்கும் முணுமுணு போட்டது. யாரிடம் பேசினாலும் உதட்டைப் பிரிக்க மாட்டாள், அதனால் அந்தப் பட்டப்பெயர். சொந்தமாக ஒரு மெட்டைக் கட்டி, அதைக் கோட்டில் எழுதியும் கொண்டுவந்த முதல் பிள்ளை. மேலே ஏறப்போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, ஏறாமல், பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் மெட்டு.

கையை இறக்கினேன். தொடங்கினார்கள்.

எல்லாம் ஒரே பிளக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய கீபோர்டுகள். சில கட்டைகள் பால்பல் மாதிரி ஆடும். இருந்தும் ஒரு விரல் தப்பவில்லை.

நடுவில் மட்டும் சிலர் விரலைத் தூக்கிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். முணுமுணு தலையை நிமிர்த்தாமல் வாசித்துக்கொண்டே போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு வேர்த்து ஊற்றியது. தலைமையாசிரியையைக் கண்டால் எனக்கு எப்போதுமே வேர்க்கும்.

முடித்தார்கள். பிரமாதம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். இவ்வளவு சுத்தமாக இதுவரை கேட்டதே இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை எழுந்து முன்னால் வந்து, எனக்கு முதுகு காட்டி, முணுமுணுவிடம் ஏதோ கேட்டார். அவள் உதடு அசைந்த மாதிரியே தெரியவில்லை. அவர் இன்னும் குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடியும் அதே முணுமுணுப்புதான் போலிருக்கிறது.

பிறகு அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

நானும் பார்த்தேன்.

மின்விசிறி நின்றிருந்தது. இறக்கையில் தொங்கிய ஒட்டடைகூட அசையவில்லை. கீபோர்டுகளில் ஒரு சிவப்பு விளக்கும் எரியவில்லை. கரண்ட் பாதி மெட்டிலேயே போயிருக்கிறது.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஏழாம் வகுப்பு. பென்சில் கீழே விழுந்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிற வயசு.

கணக்கு வாத்தியாருக்கு வகுப்பு கிடைத்துவிட்டது என்று புரிந்தது.

அப்போது முணுமுணு என் பக்கம் திரும்பினாள். நேராக முகத்தைப் பார்த்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"சார், இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?"

இந்த ஒழுக்கத்தை நான் பழக்கவில்லை.

தலைமையாசிரியை கடைசி பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். இப்போது அவர் முகத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது.

கையை உயர்த்தினேன்.

செத்த கட்டைகளில் விரல்கள் இறங்கின. மெட்டு ஏறப்போகிற மாதிரி போக்குக் காட்டி, பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

அந்த அறையில் அதைக் கேட்டது நான் மட்டும்தான்.