கவ்விய மீன்

"அசையாதேங்கோ," என்றாள் பத்மாதேவி மெல்ல.

அம்பிகைபாகன் சிரித்துக்கொண்டார். ஆளின் நிழல் விழுந்தாலே ட்ரவுட் மீன் ஓடிவிடும் என்று வழமையாக அவளை அடக்குகிறவர் அவர்தான். கண்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் குளம் ஆடாமல் கிடந்தது. கரைப் புல்லில் அவளுக்குச் சற்று முன்னே நின்று, இறகால் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார்.

"மீன் வருதோ?"

"ஓம், கிட்ட வருது. திரும்பாதேங்கோ." மனைவியின் குரல் நடுங்கியது.

திடீரென்று நூல் விறைத்தது. தூண்டில் வளைந்தது.

"கவ்விட்டுது, பத்மா!"

"இழுக்காதேங்கோ! என்ரை தலைமேல ஆணை, காலை அசைக்காதேங்கோ!"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் ஒருபோதும் ஆணையிட்டதில்லை. திகைத்துப்போய் அப்படியே நின்றார். மீன் ஒருமுறை துள்ளி, நூலை அறுத்துக்கொண்டு போனது.

"விடியத்தொடக்கம் இதுக்குத்தானே காத்து நிண்டனான்! ஏன் மறிச்சனீர்?"

அவள் அவருக்குப் பின்னாலிருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லின் சலசலப்பு அடங்கியதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"நாகம்," என்றாள் அழுதபடி. "உங்கட முழங்காலடியில படமெடுத்துக்கொண்டு நிண்டது. இப்பதான் போனது."