ஹோலில் எத்தனை கோடு

அமிர்தநாயகத்தை முன் ஹோலில் நீள மரவாங்கு போட்டு, வாசல் பக்கம் கால் நீட்டிக் கிடத்தியிருந்தது. வெள்ளைச் சேட்டு, வெள்ளை வேட்டி, கையில் செபமாலை. தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பெண்சாதி செலீனா பக்கத்தில் கதிரையில் இருந்து பயற்றங்காய் முறித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"எத்தின கோடு காட்டுது?" என்று கிடந்தவர் கேட்டார்.

"மூண்டு, ஐயா," என்றான் வஸீர், போனில் சிக்னலைப் பார்த்து. சிலாவத்துறையில் இருந்து வைபை பூட்ட வந்தவன். "அல்லாவுக்காக எழும்புங்கோ ஐயா. நான் எத்தினையோ வீட்டில பூட்டியிருக்கிறன். ஒருத்தரும் மெழுகுதிரி கொளுத்திப்போட்டுப் படுத்ததில்ல."

"உன்ர கதையை நம்பி நான் சாகேலாது. செத்தாப்பிறகு ஆர் எழும்பிப் பாக்கிறது, கோடு இருக்கோ இல்லையோ எண்டு?"

அரிப்புக் கிராமத்தில் அந்த வீட்டுக்குள் போன் டேட்டா பிடிக்காது. பழைய வீடு, தடித்த கல்லுச் சுவர். கடற்கரையில் போய் நின்றால்தான் வெளிநாட்டோடு கதைக்கலாம்.

போன மாதம் கோயிலடி லூசியா செத்துப்போனாள். அவள் வீட்டில் வைபை இருந்தது. கனடாவில் இருக்கிற மூன்று மகன்மாரும் வீட்டில் செபம் தொடங்கிப் பெட்டி மூடும்வரை போனிலேயே பார்த்தார்கள். கண்ணாடிபோலத் தெரிந்ததாம். அந்தச் செத்தவீட்டால் வந்த கையோடுதான் அமிர்தநாயகம் வஸீரைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்ர செத்தவீட்டில என்ர ரெண்டு பிள்ளையளும் நிக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்," என்று அவனிடம் முதலே சொல்லிவிட்டார்.

கால்மாட்டில், கம்பித் தாங்கியில் போன் நின்றது. அதற்குள் மகள் டிலோஜினி பாரிஸில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, நல்ல கிளியர்! மீசையில நரைமயிரை ஒவ்வொண்டா எண்ணலாம். அண்ணாவுக்கும் சொல்லுறன், இனிப் பயமில்லையெண்டு."

அமிர்தநாயகம் கண்ணைத் திறக்கவில்லை. "தம்பி, வேற இடத்தில வைச்சுப் பார்."

"இதுக்கு என்ன குறை ஐயா?"

"குறை உனக்குத் தெரியாது. படுத்திருக்கிறது நான்."

சாமான் விற்கிறவன்கள் சொல்வதில் பாதி பொய். மீதி அவன்களுக்கே விளங்காது. ஆனால் வஸீர் பொறுமைசாலி. றவுட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அறைக்குள் அலுமாரிக்கு மேல் வைத்தான்.

"நாலு! இதைவிட நல்ல இடம் இந்த வீட்டில கிடையாது."

"அப்பா, மூக்கில ஈ இருக்கு!" என்று பாரிஸில் இருந்து மகள் கத்தினாள்.

"பிணம் ஈ கலைக்கிறதே?" என்றார் அசையாமல். "வேற இடம் பார், தம்பி."

"விசர் மனிசன்," என்றாள் செலீனா. "உந்தச் சேட்டைத் தோய்க்கிறது ஆர்? வேர்வையில ஊறிப்போச்சு."

வஸீர் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அங்கேயும் நாலு. யன்னல் கட்டில் மூன்று. எல்லாவற்றுக்கும் கிடந்தவர் ஒரே பதில்தான் சொன்னார்.

வஸீருக்கும் கோபம் வந்துவிட்டது. நீள வயரை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனான். பிரிட்ஜுக்குப் பின்னால், தண்ணி நிறைத்த பெரிய பரலுக்கும் சுவருக்கும் இடையில், எந்த மடையனும் வைக்காத மூலையில் றவுட்டரைக் கொண்டுபோய்ச் செருகினான்.

போனில் டிலோஜினி கட்டம் கட்டமாக உடைந்தாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. "அப்... நீங்... தெரி..." அதோடு அறுந்துபோனது.

"பாத்தீங்களோ?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தான் வஸீர். "அதில வைச்சா குசினிக்குள்ள மட்டும்தான் கதைக்கலாம். ஹோலுக்கு வராது. பிரிட்ஜும் சுவரும் மறிக்கும்."

அமிர்தநாயகம் ஒரு கண்ணைத் திறந்தார். "ஒரு கோடும் வராதோ?"

"அரைக் கோடும் வராது."

"மழைக்கு? காத்துக்கு?"

"எதுக்கும் வராது ஐயா. வாப்பா மேல ஆணையாச் சொல்லுறன்."

மனிதர் எழும்பி இருந்தார். மெழுகுதிரி இரண்டையும் ஊதி அணைத்தார். செபமாலையைச் சேட்டுப் பைக்குள் போட்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைச் செலீனா கனகாலமாகக் கண்டதில்லை.

"நல்லது தம்பி. அதிலயே வைச்சுச் சிமெந்து பூசி விடு."

செலீனாவின் மடியில் இருந்த பயற்றங்காய் முழுக்க நிலத்தில் கொட்டுண்டது. "உங்களுக்கென்ன பைத்தியமே? நாளைக்கு உங்கட செத்தவீட்டைப் பிள்ளையள் எப்பிடிப் பாக்கிறது?"

"பிளேன் ஏறி வந்து பாக்கட்டும்."